ரியூனியன் தீவின் லாவா சாலையில் பைக் ஓட்டப் போகிறீர்களா?

எரிமலைத் தீவில் பைக் ஓட்டப் போகிறேன் என்றால் வீட்டில் முதலில் கேட்பது எரிமலையைப் பற்றித்தான். ரியூனியனைப் பொறுத்தவரை கடைசியாகக் கவலைப்பட வேண்டியது அதுதான். மழை, கடற்காற்று, கரும்பு லாரி, சாலையின் வலது பக்கம் ஓட்டுவது, இந்த நான்கும்தான் புதிதாகப் போகிறவர்களைப் படுத்தி எடுக்கும். எரிமலை நெருப்பு கக்கப் போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஈரமான வளைவில் கிடக்கும் கரும்புச் சக்கையைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரியூனியன், மொரீஷியசுக்குத் தென்மேற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு. பணம் யூரோ, போலீஸ் பிரெஞ்சுப் போலீஸ், சாலை விதிகளும் பிரான்ஸில் உள்ளவைதான். தீவில் இரண்டு எரிமலைகள். பித்தோன் தெ நேழ் 3,070 மீட்டர் உயரம், அது அடங்கி வெகுகாலம் ஆகிறது. பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. வெடிப்பு என்றால் ஊரைச் சாம்பலில் மூடும் வகை இல்லை. பிளவு விட்டுக் குழம்பு வழியும், பெரும்பாலும் மேலேயே ஆறி நின்றுவிடும். எப்போதாவது கிழக்குச் சரிவில் இறங்கிக் கடல் வரை வரும். அந்தச் சரிவின் குறுக்கேதான் கடலோரமாகத் தேசிய நெடுஞ்சாலை 2 போகிறது. லாவா வந்தால் சாலை போய்விடும். ஆறியதும் அதன் மேலேயே புதிதாகப் போடுவார்கள்.

தீவை முழுதாகச் சுற்ற 200 கிலோமீட்டர் சொச்சம். முழுச் சுற்றையும் ஒரே நாளில் அடிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். அடிக்கலாம்தான், ஆனால் பாதி தூரம் நான்கு வழிச்சாலையில் கார்களோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும். தென்கிழக்கில் சேன் ஜோசஃப் முதல் சேன்ட் ரோஸ் வரையுள்ள சுமார் 50 கிலோமீட்டருக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். இந்தக் கட்டுரை அந்தத் துண்டைப் பற்றியது. ஊர்ப் பெயர்களை அங்கே பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். போர்டில் செயின்ட் என்று படிக்கத் தோன்றுவதெல்லாம் பேச்சில் சேன்.

முதலில் விசாவும் லைசென்ஸும்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரியூனியன் பிரான்ஸைச் சேர்ந்தது, ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. பாரிஸ் போகக் கையில் இருக்கும் சாதாரண ஷெங்கன் விசாவை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். விண்ணப்பிக்கும்போதே ரியூனியன் போகிறேன் என்று குறிப்பிட்டு, அங்கே செல்லுபடியாகும் விசாவைக் கேட்டு வாங்குங்கள். பிரான்ஸில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. உள்நாட்டுப் பயணம் மாதிரிதான், விமானத்தில் 11 மணி நேரம் உட்கார வேண்டும், அவ்வளவே.

இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இருசக்கர வாகனத்துக்கான பிரிவிலும் முத்திரை விழுந்திருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். கார் பிரிவை மட்டும் குத்திக் கொடுத்துவிட்டால் பைக் வாடகைக் கடையில் உங்களை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும், அனுமதிப் புத்தகம் தனியாக எதற்கும் உதவாது. பிரெஞ்சுக் கார் லைசென்ஸ் இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள், 7 மணி நேரப் பயிற்சி முடித்த சான்று இருந்தால் 125 சிசி வரை ஓட்டலாம். சான்றை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வண்டி எடுக்கும்போது

125 சிசி ஸ்கூட்டர் போதும். சொன்னால் பைக் பிரியர்களுக்குக் கோபம் வரும், ஆனால் இந்தச் சாலையில் 60-க்கு மேல் போக வேண்டிய அவசியமே கிடையாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இறங்கப் போகிறீர்கள். சீட்டுக்கு அடியில் ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் வைக்க இடம் இருப்பது பெரிய சௌகரியம். இரண்டு பேர் போவதாக இருந்தாலோ, திரும்பும்போது மலை வழியாக வருவதாக இருந்தாலோ கொஞ்சம் பெரிய வண்டி எடுக்கலாம். 50 சிசி வண்டி மட்டும் வேண்டாம். நான்கு வழிச்சாலையில் அதற்கு அனுமதி இல்லை.

முன்பணத்தை கிரெடிட் கார்டில் பிடித்துவைப்பார்கள், டெபிட் கார்டு பல இடங்களில் செல்லாது. விபத்தானால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், அந்த ஒரு வரியையாவது படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடையை விட்டு வெளியே வருவதற்குள் வண்டியை நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள். அப்புறம் டயரைப் பாருங்கள். தேய்ந்த டயரோடு தீவின் மேற்குக் கரையில் சுற்றினால் பரவாயில்லை, அங்கே மழை குறைவு. கிழக்கே அது ஆகாது, வேறு வண்டி கேளுங்கள்.

பிரெஞ்சுச் சட்டப்படி ஹெல்மெட் மட்டும் போதாது. ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் சிஇ (CE) என்ற ஐரோப்பியத் தர முத்திரையுள்ள கையுறை போட வேண்டும். 2016 நவம்பர் முதல் இது கட்டாயம். ஒளிரும் மேலங்கி ஒன்று வண்டியிலோ உங்களிடமோ இருக்க வேண்டும். கடைக்காரர் ஹெல்மெட்டைத் தருவார், கையுறையைத் தராமலும் போகலாம். இங்கிருந்தே கொண்டுபோய்விடுங்கள். அது லாவாவின் மேல் நடக்கும்போதும் பயன்படும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வலது பக்கம் பழகுவது

நேராகப் போகிற வரை சிக்கல் இல்லை, முன்னால் போகும் வண்டியைப் பார்த்துப் போய்விடலாம். பெட்ரோல் போட்டுவிட்டு ஆளில்லாத சாலையில் மறுபடி ஏறும்போதுதான் கை தானாக இடது பக்கம் திரும்பும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வலது, வலது என்று வாய்விட்டே சொல்லிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டுக்குள் யாருக்குக் கேட்கப் போகிறது?

ரவுண்டானாவில் வண்டிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். நுழையும் முன் இடது பக்கம் பாருங்கள், உள்ளே சுற்றுகிறவருக்கே முன்னுரிமை. போர்டு எதுவும் இல்லாத சின்னச் சந்திப்பில் மட்டும் நேர்மாறு: வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும். ஊருக்குள் வேகம் 50. வெளியே போர்டில் என்ன போட்டிருக்கிறதோ அது. ஊரின் பெயர்ப்பலகையைத் தாண்டினாலே 50 தொடங்கிவிட்டது என்று அர்த்தம், தனியாக வேகப் பலகை இருக்காது. ஹாரனை ஊரில் அடிப்பதுபோல் அடித்தால் திட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

முதல் நாள் வண்டியை எடுத்ததும் லாவா சாலைக்குப் போக வேண்டாம். தெற்குக் கரையில் உள்ள சேன் பியேரில் தங்கி, பக்கத்துக் கடற்கரைகளுக்குப் போய் வந்து கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அங்கிருந்தே கிளம்பலாம்.

எந்த மாதம், எந்தத் திசை

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் மழையும் சேர்ந்த காலம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் புயல் மாதங்கள். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி கடைசியில் காரான்ஸ் என்று இரண்டு புயல்கள் தீவை நேராகவே தாக்கின. சிவப்பு எச்சரிக்கை விட்டால் யாரும் சாலையில் இருக்கக் கூடாது, அது சட்டம். மே முதல் அக்டோபர் வரை குளுமையாக இருக்கும், ஆனால் தென்கிழக்கிலிருந்து வரும் காற்று சேன் ஃபிலிப் பக்கம் பலமாக அடிக்கும். செப்டம்பர், அக்டோபர்தான் என் தேர்வு. கரும்பு வெட்டு நடக்கும் காலம் என்பது மட்டுமே அதில் குறை.

எந்த மாதமானாலும் கிழக்குக் கரையில் மழை உண்டு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று எரிமலையில் முட்டி அங்கேயே கொட்டிவிடுகிறது. உலகின் மழைச் சாதனைகள் சில இந்தத் தீவுக்குச் சொந்தம். காலையில் வானம் திறந்திருக்கும், பகல் ஏற ஏற மேகம் மூடும். அதனால் ஆறு, ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள்.

திசையைப் பொறுத்தவரை, தெற்கிலிருந்து வடக்கே போங்கள். வலது பக்கம் ஓட்டுவதால் கடல் எப்போதும் உங்கள் பக்கமே இருக்கும். நின்று பார்க்கும் இடங்களில் பெரும்பாலானவை கடல் பக்கம். எதிர் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் அப்படியே ஒதுங்கலாம். வலது பக்கம் புதிதாக ஓட்டுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வேறு திசையில் வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

கிளம்பும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று வானிலை, மற்றது எரிமலை. பூர் முராவில் இருக்கும் எரிமலை ஆய்வகம் நிலநடுக்க அளவைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது, அதை வைத்து மாவட்ட ஆட்சி எச்சரிக்கை விடும். சாலை மூடியிருந்தால் மூடியதுதான், தடுப்பைச் சுற்றிக்கொண்டு போகலாமா என்று பார்க்காதீர்கள். எரிமலை பொங்குகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அது அதிர்ஷ்டம், ஆனால் பாதி தீவும் அங்கேதான் நிற்கும். வண்டியைத் தள்ளி விட்டுவிட்டு நடக்கத் தயாராக இருங்கள்.

பெட்ரோல் விலையை ஆட்சியர் மாதா மாதம் நிர்ணயிக்கிறார், தீவு முழுக்க ஒரே விலை. மலிவான பங்க் தேடி அலைய வேண்டாம், கண்ணில் பட்டதில் நிரப்புங்கள். சேன் ஜோசஃப் தாண்டினால் பங்குகள் குறைவு என்பதால் அங்கேயே டேங்கை நிரப்பிவிடுவது நல்லது.

சேன் பியேரிலிருந்து சேன் ஃபிலிப் வரை

சேன் பியேரை விட்டதும் இருபுறமும் கரும்பு. ஜூலை முதல் டிசம்பர் வரை வெட்டு நடக்கும். கரும்பை மலை மாதிரி ஏற்றி வரும் பெரிய லாரிகளுக்கு அங்கே கஷலோ என்று பெயர், திமிங்கிலம் என்று அர்த்தம். அதன் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். கழிகள் உருவி விழும். எடைபோடும் மேடைகளுக்குப் பக்கத்தில் சேறும் சக்கையும் சாலையில் அப்பியிருக்கும். தூறல் விழுந்தால் அந்த இடம் சோப்பு போட்டதுதான். பிரேக்கை முன்னாலேயே மெதுவாகப் பிடித்து, வண்டியை நிமிர்த்தியே கடந்துவிடுங்கள்.

கிராந்த் ஆன்ஸ் கடற்கரைக்கு ஒரு கிளைச்சாலை இறங்குகிறது. வெள்ளை மணல், தென்னை, பாறை அடுக்கிக் கட்டிய குளியல் குளம். அடுத்து மானப்பனி. இங்கேயும் கடல் நீர் வந்து நிறையும் குளம் உண்டு. குளத்தைச் சுற்றியுள்ள தாழைகளை உற்றுப் பாருங்கள், பச்சைப் பசேலென்று ஒரு சின்னப் பல்லி தெரியும். உலகில் இந்தத் தென்கரைத் துண்டில் மட்டுமே வாழும் இனம்.

குளிப்பதாக இருந்தால் இந்தக் குளங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுறாத் தாக்குதல்களால் 2013 முதல் காயல் பகுதியையும் கண்காணிப்பு உள்ள இடங்களையும் தவிர வேறெங்கும் கடலில் இறங்கத் தடை இருக்கிறது. சுறாவே இல்லாவிட்டாலும் தென்கரை அலையில் நீச்சல் வேலைக்காகாது.

சேன் ஜோசஃபைத் தாண்டியதும் லான்ழ்வேன் ஆறு. ஆற்றையொட்டி மேலே ஏறினால் கடைசியில் ஓர் அருவி. சாலை ஒடுக்கம். ஞாயிற்றுக்கிழமை தீவே அங்கே சட்டி பானையோடு வந்து சமைத்துச் சாப்பிடும், வண்டி நகராது. வார நாளாக இருந்தால் மட்டும் திரும்புங்கள். பொதுவாகவே இந்தப் பயணத்துக்கு ஞாயிறு வேண்டாம். அன்று கடைகளும் பாதி மூடியிருக்கும்.

ஓடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிளைச்சாலைகள் பல இடங்களில் பாலம் இல்லாமல் ஓடைப் படுகையிலேயே சிமென்ட் தளம் போட்டுக் கடக்கும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் மழை பெய்திருக்கும், பத்து நிமிடத்தில் தண்ணீர் பெருகிவிடும். தளத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது என்றால் கணுக்கால் அளவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். தீவில் மழைக்காலத்தில் உயிர் போவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

பாஸ் வாலேயில் காப் மேஷான் என்ற முனை. கறுப்புப் பாறைச் சுவரில் அலை மோதி எழும்பும். காற்றின் பலத்தைத் தெரிந்துகொள்ளவும் இது நல்ல இடம். ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்டில், காற்று வரும் திசைக்கு முகம் பார்த்தபடி நிறுத்துங்கள். பக்கவாட்டாக நிறுத்தினால் திரும்பி வரும்போது படுத்திருக்கும்.

சேன் ஃபிலிப்பில் காலை உணவை முடித்துக்கொள்ளலாம். சமோசா கிடைக்கும். அவரையைப் பச்சை மிளகாய் போட்டு அரைத்துப் பொரிக்கும் போன்போன் பிமான் கிடைக்கும். ஒரு கடி கடித்தால் அது யார் வீட்டுப் பருப்பு வடையின் பேரப்பிள்ளை என்று தெரிந்துவிடும். பகல் பன்னிரண்டு தாண்டினால் சிறு கடைகள் மதிய இடைவேளைக்குச் சாத்திவிடுவார்கள். தண்ணீரும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக இருக்கும் விக்டோரியா அன்னாசி கிடைத்தால் விடாதீர்கள்.

எரிந்த பூமி

சேன் ஃபிலிப்பைத் தாண்டினால் பொதுவாக லாவா ஓடும் பள்ளத்துக்கு வெளியே இருக்கும் கிராமங்கள். அப்படியும் 1986-இல் குழம்பு இந்தப் பக்கம் இறங்கி, வீடுகளை விழுங்கி, கடலுக்குள் புது நிலத்தைச் சேர்த்தது. புய் ஆராபில் வண்டியை விட்டுவிட்டு அந்த நிலத்தின் மேல் நடக்கலாம். பிறகு த்ரம்ப்ளே கிராமம். அதை விட்டதும் சாலை ஒரு மலைச் சுவரைத் தாண்டி லாவா பள்ளத்துக்குள் நுழைகிறது. பெயர் கிரான் ப்ரூலே, பெரிய எரிந்த நிலம். மேலே எரிமலை, கீழே கடல், இரண்டு பக்கமும் சுவர். குழம்பு வந்தால் இதற்குள்தான் வரும் என்பதால் இங்கே வீடு கிடையாது.

தெற்கிலிருந்து வருகிறவருக்கு முதலில் எதிர்ப்படுவது 2007 ஏப்ரலின் லாவா. நூறு ஆண்டுகளில் மிகப் பெரிய எரிமலை வெடிப்புகளில் ஒன்று. உள்ளே இருந்த குழம்பு இவ்வளவு வெளியேறியதில் மேலே உச்சியில் இருக்கும் தொலோமியூ எரிமலைவாயின் தரை முந்நூறு மீட்டருக்கு மேல் இடிந்து இறங்கியது. சாலை கிலோமீட்டர் அளவுக்கு மறைந்தது. மாதக்கணக்கில் தெற்கும் கிழக்கும் துண்டாகிக் கிடந்தன. இப்போது இருக்கும் தார் அந்தப் பாறையின் முதுகில் போடப்பட்டது. வண்டி ஏறி இறங்குவதில் அது தெரியும். மழை பெய்து ஓய்ந்த பொழுதில் போனால் ஆண்டுகள் பல கழிந்த பின்னும் பாறை இடுக்கில் ஆவி எழுவதைப் பார்த்தவர்கள் உண்டு.

இங்கே வேகத்தைக் குறையுங்கள். சாலையோரப் பலகைகளில் ஆண்டு எழுதியிருக்கும்: 2002, 2004, 2005 என்று. ஒவ்வொரு பலகையிலும் இறங்கிப் பாருங்கள், ஏனென்றால் வண்டியில் போகும்போது எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். பக்கத்தில் போய்க் குனிந்தால் வித்தியாசம் புரியும். புதிய பாறையின் மேல் முதலில் படர்வது வெள்ளிச் சாம்பல் நிறப் பாசி, ஒருவகை லைக்கன். விரலால் தொட்டால் மொறுமொறுவென்று இருக்கும். அது பிடித்து, கொஞ்சம் ஈரம் தங்கியதும் விரிசல்களில் பெரணிச் செடி எட்டிப் பார்க்கும். அடுத்த பலகையில் அதே பெரணி இடுப்பளவு, இடையில் மரக்கன்று. இன்னும் பழைய ஓட்டத்தில் காடே வந்துவிட்டது, கறுப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கையில் புத்தகம் இல்லாமலே பாறையின் வயதைச் சொல்லப் பழகிவிடலாம்.

பாறையில் இரண்டு வகை. ஒன்று வழுவழுவென்று மடிப்பு மடிப்பாக உறைந்தது, அதன் மேல் நடக்கலாம். இன்னொன்று உடைந்து சிதறிய கரடு, கால் வைத்தால் புரளும், விளிம்பெல்லாம் கண்ணாடி. விழுந்தால் உள்ளங்கை கிழியும். பைக் கையுறை இங்கேயும் பயன்படும் என்று சொன்னது இதற்குத்தான். குழித்த இடங்களில் மேலோடு மெல்லியதாக இருக்கும், தட்டினால் வெற்றொலி வரும், அங்கே ஏறாதீர்கள். கடல் விளிம்புக்கும் போக வேண்டாம். புது நிலம் அடியில் அரிக்கப்பட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். செருப்போடு போகிற இடமில்லை இது, மூடிய ஷூ வேண்டும். ஞாபகத்துக்கு ஒரு துண்டுப் பாறையை எடுத்து வரும் ஆசையையும் விட்டுவிடுங்கள், எரிமலைப் பகுதி தேசியப் பூங்கா.

வண்டியை தார் போட்ட நிறுத்துமிடத்தில் மட்டும் நிறுத்துங்கள். ஓரச் சரளையில் சைடு ஸ்டாண்ட் இறங்கிவிடும். ஹெல்மெட், பை எதையும் வண்டியில் தொங்கவிட்டுப் போக வேண்டாம். நிழல் என்பதே இல்லை, கறுப்புப் பாறை வெயிலை வாங்கித் திருப்பி அடிக்கும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

சேன்ட் ரோஸ் வரை

வடக்குச் சுவரின் மேல் சாலை வளைந்து வளைந்து ஏறி புவா ப்ளானை அடைகிறது. ஈரமும் மரநிழலும் சேர்ந்த வளைவுகள் இங்கேதான், வேகத்தைக் குறைத்துப் பொறுமையாக வாருங்கள். உள்ளூர் ஆட்கள் பின்னால் நெருக்கினால் ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள்.

ஆன்ஸ் தே காஸ்காட் கடல் வரை இறங்கும் கிளைச்சாலை. செங்குத்துப் பாறையிலிருந்து அருவிகள் தென்னந்தோப்புக்குள் விழும், தோப்பைத் தாண்டினால் மீன்படகுகள். சாப்பிட உட்கார அருமையான இடம். தென்னை மரத்தடியில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள், தேங்காய் பறிக்க யாரும் ஏறுவதில்லை, அது தானாகத்தான் விழும்.

அடுத்து பித்தோன் சேன்ட் ரோஸ் ஊரில் நோத்ர் தாம் தே லாவ் தேவாலயம். 1977 ஏப்ரலில் குழம்பு வழக்கமான பள்ளத்தை விட்டு வெளியே கிளம்பி இந்த ஊருக்குள் நுழைந்தது. மக்களை முன்னாலேயே வெளியேற்றிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை, வீடுகள் போயின. தேவாலயத்தின் வாசலை எட்டிய லாவா இரண்டாகப் பிரிந்து கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனது. வாசற்படியையொட்டி உறைந்து நிற்கும் கறுப்புச் சுவரை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். பூர் முரா எரிமலை ஆய்வகம் தொடங்கியதும் இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். உள்ளே பிரார்த்தனை நடந்தால் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருங்கள்.

சேன்ட் ரோஸைத் தாண்டி கிழக்கு ஆற்றின் மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது. வண்டிகள் பக்கத்துப் புதிய பாலத்தில் போகும். பழையதைப் பார்க்க நிறுத்துமிடம் உண்டு.

நம்மவர் கோவில்கள்

வழி நெடுக கரும்புக் காட்டுக்குள் கோபுரங்கள் தெரியும்போது ஆச்சரியப்படாதீர்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களில் கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களின் வழிவந்தவர்களை அங்கே மல்பார் என்கிறார்கள். தீமிதி, தைப்பூசக் காவடி எல்லாம் இன்றும் நடக்கிறது. சேன் பியேரில் நரசிங்கப் பெருமாள் கோவில், சேன் ஆந்த்ரேயில் கொலோஸ் கோவில் இரண்டும் பெரியவை.

ஆனால் தமிழில் பேசிப் பதிலை எதிர்பார்க்க வேண்டாம். வீட்டு மொழி பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல், தமிழ் பெரும்பாலும் பூஜையில்தான். வணக்கம் சொன்னால் முகம் மலரும், அதற்கு மேல் பிரெஞ்சு வேண்டும். பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல்: பல கோவில்களில் தோல் பொருளை உள்ளே விடுவதில்லை. தோல் ஜாக்கெட், பெல்ட், கையுறை எல்லாவற்றையும் வாசலில் கழற்ற வேண்டியிருக்கும். துணி ஜாக்கெட்டாக எடுத்துப்போனால் இந்தத் தொல்லை இல்லை. அன்று மாமிசம் சாப்பிட்டிருந்தால் வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள். அவர்கள் நம்மைவிடக் கறார். சாலையோரத்தில் சிவப்பு வண்ணத்தில் சின்னச் சின்ன மாடங்களும் தெரியும். அவை சேன் எக்ஸ்பெதி என்ற கிறிஸ்தவப் புனிதருக்கு, எல்லா மதத்தாரும் வேண்டிக்கொள்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு விறகடுப்பில் செய்த கறி என்று எழுதியிருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். சோறு, பருப்பு, கீரை, காரத் துவையலான ருகாய் என்று தட்டு வரும். மசாலே போட்ட ஆட்டுக்கறியைக் கேட்டுச் சாப்பிடுங்கள், கோவிலுக்குப் போவது வேறு நாளாக இருந்தால். கூடவே ரம் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் தாண்டினால் வழக்கு, புது லைசென்ஸ் என்றால் 0.2.

திரும்பும் வழி

சேன்ட் ரோஸுக்கு வடக்கே சேன் பெனுவா வந்ததும் முடிவெடுக்க வேண்டும். வந்த வழியே திரும்பலாம், ஆனால் மதியத்துக்கு மேல் அந்தப் பக்கம் மழைக்கே வாய்ப்பு அதிகம். நேரமும் வானமும் இடம் கொடுத்தால் தீவின் நடுவே மலையேறும் தேசிய நெடுஞ்சாலை 3-ஐப் பிடியுங்கள். பால்மிஸ்த் சமவெளி வழியாக ஏறி, 1,600 மீட்டர் உயரத்தில் பெல்வியூ கணவாயைக் கடந்து, பூர் முரா, தாம்போன் வழியாக சேன் பியேரில் இறங்கிவிடலாம். கடற்கரையில் வேர்த்துக் கொட்டிய அதே நாளில் மேலே பல் கிட்டிக்கும். ஜூலையில் ஸ்வெட்டர் இல்லாமல் ஏறாதீர்கள். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கி முன்னால் போகும் காரின் பின்விளக்கு மட்டும்தான் தெரியும். மூன்று மணிக்குள் சேன் பெனுவாவை விட்டுக் கிளம்ப முடிந்தால் மட்டும் இந்த வழி. ஜூனில் மாலை ஆறுக்கு முன்பே இருட்டிவிடும், அந்தி நேரம் என்று ஒன்று பெரிதாக இருக்காது. இரண்டும் சரிப்படாது என்றால் சேன் ஆந்த்ரேயிலோ ப்ரா பனோனிலோ இரவு தங்கி மறுநாள் காலை மலையேறுங்கள். ப்ரா பனோனில் வனிலா கூட்டுறவு இருக்கிறது, காய் பதப்படுத்துவதைப் பார்க்கலாம். வனிலாப் பூவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் முறையை 1841-இல் கண்டுபிடித்தவர் இந்தத் தீவில் அடிமையாக இருந்த எட்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன்.

ஏதாவது நடந்தால் 112. மருத்துவ உதவிக்கு 15, போலீஸுக்கு 17. நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல சாலையோரக் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், கிரான் ப்ரூலேயில் அடையாளம் சொல்ல வேறெதுவும் கிடையாது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் அடிப்பகுதியில் அப்பிய கரும்புச் சேற்றைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். அழுக்கு வண்டிக்குத் தனியாகக் காசு பிடிக்கிற கடைகள் உண்டு. கொடுத்ததும் கடைக்காரரை வைத்துக்கொண்டே இன்னொரு வீடியோ எடுத்து, முன்பணத்தை விடுவித்ததற்கான சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்.